வலப்பக்கப் பாக்கெட்

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். அந்த டிசம்பரில், உள்புறம் வெளியே தெரியும்படி புரட்டிக் கிடந்த சாம்பிளைப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் வரவேண்டிய பாக்கெட்டை வலப்பக்கம் வைக்கச் சொல்லிவிட்டேன். வெளிநாட்டு பையர் மொத்த டி-ஷர்ட்டும் வேண்டாமென்றுவிட்டான். சரக்கு உள்ளூர் காதர்பேட்டைக் கடைகளில் அடிமாட்டு விலைக்குப் போனது. என் வேலை தப்பியது, தூக்கம்தான் போனது. கர்த்தரிடம் தினமும் மன்னிப்புக் கேட்டேன்.

புத்தாண்டுக் காலை ஆராதனைக்குப் போனால், சபையில் பாதி ஆண்கள் அதே டி-ஷர்ட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்! திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. போதகர் புது வருசத்துக்கான வேதவசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று கொடுத்தார். வாங்கியவர்கள் பழக்கதோஷத்தில் இடது நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வலப்பக்கம் போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் கம்பெனியில் அந்தப் பாக்கெட்டைத் தைத்த திருநெல்வேலிக்காரர், வளர்ந்த மூன்று மகன்களோடு என் பக்கத்தில் வந்து நின்றார். நான்கு பேருக்கும் அதே டி-ஷர்ட்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒண்ணா புதுத்துணி எடுத்தது இந்த வருசந்தான்” என்றார்.

ஜெபத்துக்கு முழங்கால் போட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஸ்தோத்திரம்தான் வந்தது.