வெட்டி எறிந்த பேச்சு

பழசாகி உக்கிப்போன அந்த ஒலிநாடாக்களில் வினாகிரியின் புளித்த நெடி மணந்தது. பெட்டியைத் திறந்தாலே மூக்கு எரியும்...

ஜெர்மனியில், எசன் நகரின் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்த காலம். பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவது என் வேலை.

அவை ஒரு ஜெர்மன் பேராசிரியை கொண்டுவந்தவை. இளம் வயதில் அயர்லாந்துக் கடற்கரையில் ஒரு மீனவர் வீட்டில் தங்கி, அவர் ஐரிஷ் மொழியில் சொன்ன கதைகளைப் பதிவு செய்திருந்தார். அழிந்துகொண்டிருந்த அந்த மொழியை மீட்கப் பாடுபட்டவர்களில் பேராசிரியையும் ஒருவர். கதைகளைப் புத்தகமாகவும் போட்டிருந்தார்.

எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நாடாவில் எனக்குக் கேட்டது இருமல், நாய் குரைப்பு, கோப்பைச் சத்தம்... கதை முடிந்த பிறகும் அந்த மீனவக் கிழவர் தன்பாட்டில் பேசிக்கொண்டிருப்பார். யாரோ ஒரு பெண் சிரிப்பாள்.

இதையெல்லாம் என்ன செய்வது என்று கூடத்தை நடத்திய ரமணன் அண்ணையிடம் கேட்டேன்.

"கதை மட்டும் இருந்தால் காணும் பிள்ளை. மிச்சத்தை வெட்டிவிடும்."

வெட்டினேன். இடம் போதாதென்று வெட்டாத கோப்புகளையும் அழித்தேன். அதை யாரும் சொல்லவில்லை, என் கெட்டித்தனம். உதிர்ந்துபோன நாடாக்களை அண்ணை குப்பையில் போட்டார்.

பேராசிரியை வந்தார். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கதை முடிந்ததும் எதற்கோ காத்திருந்தார். அடுத்த கதைதான் வந்தது. மிச்சம் எங்கே என்று கேட்டார். துப்புரவாக்கிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை.

"கதைகள் என் புத்தகத்திலேயே இருக்கின்றன. வீட்டில் அவர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது இதில் மட்டும்தான் இருந்தது. இப்போது ஐரிஷ் படிக்கிறவர்களுக்கு அதைத்தான் கொடுக்க நினைத்தேன்."

அந்த வீட்டார் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லையாம். அண்ணை மன்னிப்புக் கேட்டார். அடுத்த குளிர்காலத்தில் பேராசிரியையும் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

அப்போது எங்கள் வீடு நிறையத் தமிழ் கிடந்தது. அம்மாவின் திட்டு, அப்பாவின் தொலைபேசி அரட்டை... அதை ஒரு பொருட்டாகவே நான் நினைத்ததில்லை. இப்போது இருவரும் இல்லை.

போன மாதம் தமிழ்ப் பாடசாலைப் பேச்சுப்போட்டியில் என் மகளுக்கு முதல் பரிசு. முழுப் பேச்சும் மனப்பாடம், ஒரு பிழை இல்லை. மண்டபமே கைதட்டியது.

காரில் ஏறியதும் பசிக்கிறது என்றாள்...

ஜெர்மனில்.