அரிசி வண்டும் செம்பனை வண்டும்

எண்ணெய் எடுக்கும் செம்பனையின் ஆண் பூ விரிந்தால் சோம்பு வாசம் வரும். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் நான் வேலைக்குப் போன புதிதில், காலைப் பனியோடு அந்த வாசம்தான் முதலில் வந்து முகத்தில் மோதும்...

எனக்கும் சரோஜாவுக்கும் ஒரே வேலை. மகரந்தப் பொடியை முகப்பவுடரோடு கலந்து, போத்தலில் அடைத்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் பீய்ச்ச வேண்டும். அப்போதுதான் காய் பிடிக்கும். முள் கையைக் கிழிக்கும். ஆனாலும் சரோஜா பக்கத்தில் இருந்தால் பொழுது போவதே தெரியாது.

ஒருநாள் எங்களை வேலை வாங்கும் மண்டோர் லாரியில் பூக்கதிர்களைக் கொண்டுவந்து மரங்களில் கட்டச் சொன்னார். கதிர் முழுக்கப் பொடிப்பொடியாகப் பழுப்பு வண்டு.

சரோஜா ஒன்றை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள்.

"ஏய் ராணி, நம்ம அரிசி டின்ல இருக்கிற வண்டு மாரியே இருக்கு லா! மூக்கப் பாரு."

உண்மைதான். இரண்டுக்கும் அதே நீண்ட மூக்கு. ஆனால் பிழைப்பு வேறு.

அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடும். அந்தப் புழு வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் அதற்குள்ளேயே தின்று வளரும்.

செம்பனை வண்டு ஆண் பூவில் தின்னும், அங்கேயே முட்டையிடும். பெண் பூவிலும் லேசாக அதே வாசம் வருவதால் அங்கேயும் பறந்து போகும். தின்ன ஒன்றும் இருக்காது. உடம்பில் ஒட்டிய பொடியை உதிர்த்துவிட்டுத் திரும்பும்...

எங்கள் வேலையே அதுதான்.

சில மாதங்களில் குலைகள் நாங்கள் பார்த்தே இராத அளவுக்குப் பருத்தன.

"இனிமே வண்டே பாத்துக்கும். நீங்க வேற வேல பாருங்கமா" என்றார் மண்டோர்.

நான் உதிரிப் பழம் பொறுக்கப் போனேன். சரோஜா செனாவாங்கில் ஒரு ஃபேக்டரிக்குப் பெயர் கொடுத்தாள்.

"நீயும் வா லா. ஹாஸ்டல்ல ஒன்னா இருக்கலாம்."

"அப்பா விடமாட்டாரு..."

"கேட்டுப் பாத்தியா?"

கேட்டேன். விடவில்லை.

ஃபேக்டரி பஸ் வந்த அன்று ஜன்னல் வழியே கையை நீட்டினாள். நான் பிடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். அப்புறம் கல்யாணமாகி ஜொகூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது நானும் செனாவாங்கில்தான் இருக்கிறேன், மகன் வீட்டில். வேலை எதுவும் இல்லாத மத்தியானங்களில் ஃபேஸ்புக்கில் சரோஜா என்று தட்டுகிறேன். எத்தனையோ சரோஜாக்கள் வருகிறார்கள். ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்க்கிறேன்...

அப்போதெல்லாம் மரங்களுக்கு நடுவே அவளைக் காணோம் என்றால் "ஓய்!" என்று ஒரு குரல்தான் கொடுப்பேன்.

எங்கிருந்தாவது, உடனே, "ஓய்!" என்று பதில் வந்துவிடும்.