சந்தியாகுவின் பன்னிரண்டு விருந்தாளிகள்

செல்லாத்தாளுக்குச் சந்தியாகு பதினெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். கொடுக்க வேண்டியவர் காசோடு வாசலுக்கு வருவதும், வாங்க வேண்டியவர் வேண்டாமென்று விரட்டுவதுமாகவே இந்தக் கடன் பதினைந்து வாரம் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் சட்டைப் பையில் கவரோடு போவார். அதே கவரோடு திரும்புவார். வாரத்துக்கு வாரம் கவர்தான் பருத்தது.

கோவை புலியகுளத்தில் தேவாலயத்துக்குப் பின்னால் இவர்கள் குடியிருக்கிற சந்து அது. அகலம் ஏழடி நாலங்குலம்; அளந்து சொன்னவர் சந்தியாகுதான். வயது அறுபத்தெட்டு. பட்டறைக்கு டீ வாங்கிக் கொடுக்க நுழைந்து, மூன்று லேத்துக்கு முதலாளியாக வெளியே வந்த மனிதர். தொழிலை மகனிடம் விட்டு ஆறு வருடமாகியும் இரும்பு ஸ்கேல் சட்டைப் பையைவிட்டு இறங்கவில்லை. எதையும் விரலால் காட்டமாட்டார், ஸ்கேலால்தான் காட்டுவார். "அஞ்சாங் கிளாஸுங்க நானு. ஆனா ஒருத்தனுக்கும் ஒரு பைசா பாக்கி வெச்சதில்லீங்க" என்று அவர் சொல்வதைக் கேட்காமல் அந்தச் சந்துக்குள் யாரும் போய்வர முடியாது. அதைப் பெருமையடிப்பது என்று சிரிக்கிறவர்கள் உண்டு. கையை ஊன்றி மேலே வந்தவனுக்குத்தான் அந்த வார்த்தையின் எடை தெரியும்.

எல்லாம் சந்தியாகுவின் ஒரு கோபத்தில் ஆரம்பித்தது. "ஊட்டிக்குப் போற வண்டியெல்லாம் நம்மூர்ல எதுக்குங்க நிக்குது? ஒண்ணுக்கு இருக்க. அதை மட்டும் நமக்குக் குடுத்துப்போட்டு, காசை மலைமேல கொண்டுபோறான்."

வெளியூர்க்காரர்களைச் சந்துக்குள் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டி, மதியச் சோறும் போடுவதாக மருமகள் ஜெனிதா போனில் விளம்பரம் போட்டாள். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். பதின்மூன்றாவதாக எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் அடுத்த வாரம்தான். நாற்பது பேரை பஸ்ஸில் கொண்டுவருகிறோம், கமிஷனும் தருகிறோம் என்று ஒரு கம்பெனிக்காரர் வந்தார். "நாப்பது பேரு நின்னா எங்க சந்துல நாய் படுக்க எடமில்லீங்க. அது எங்க நாயிங்க" என்று சந்தியாகு அவரை அனுப்பிவிட்டார்.

ஆளுக்கு ஐநூறு ரூபாய். அந்தப் பணம் சந்துக்கு வெளியே போகக் கூடாது என்பது அவர் சட்டம். கிரைண்டர் கல் கொத்திக் காட்டுகிற பட்டறைக்கு ஒரு பங்கு, அச்சு முறுக்கு சுடுகிற அமலிக்கு ஒரு பங்கு, மதியச் சோற்றுக்குச் செல்லாத்தாளுக்குத் தலைக்கு நூறு, மிச்சம் சந்துப் பொதுவுக்கு. பொதுப் பணத்தில் சாக்கடைக்கு மூடி வந்தது, முக்கில் விளக்கு வந்தது. கிளம்புமுன் ஒவ்வொருவரும் குழாயில் ஒரு குடம் பிடித்து, புதிதாக நட்ட புங்கங்கன்றுகளுக்கு ஊற்ற வேண்டும். காசும் கொடுத்து வேலையும் செய்ய வேண்டுமா என்று பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டார். "நீங்க வரும்போது இருந்ததைவிட, போகும்போது ஒரு கொடம் தண்ணியாவது கூட இருக்கோணுமுங்க" என்று குடத்தை அவர் கையில் வைத்தார்.

இத்தனை கணக்குப் போட்டவர், தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை மறந்துபோனார். செல்லாத்தாள் பிழைப்பது மாவு விற்று. வாசலில் நின்று மாவு வாங்குகிறவரிடம் ஒரு ரூபாய் விடமாட்டார். ஆனால் உள்ளே உட்கார்ந்து அவர் கையால் அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டவர் விருந்தாளி; விருந்தாளி சோற்றுக்குக் காசு கிடையாது. முதல் ஞாயிறு, பன்னிரண்டு பேரும் இலைமுன் இருக்கும்போதே சந்தியாகு கவரை நீட்டிவிட்டார்.

"ஏனுங்ணா, இலையில கை வெச்சவங்க முன்னால காசைக் காட்டறீங்க? இதென்ன ஓட்டலுங்ளா?" செல்லாத்தாள் கவரை அவர் பையிலேயே செருகிவிட்டு, எல்லார் சாதத்திலும் இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார்.

அடுத்த வாரம் சந்தியாகு அதை மொய் என்று சொல்லிப் பார்த்தார்.

"மொய் வாங்கினாத் திருப்பிச் செய்யோணும். டெல்லிக்காரங்க ஊட்டுக் கண்ணாலத்துக்கு நான் எந்த பஸ்ஸுல போறதுங்ணா?"

அதோடு நிற்கவில்லை. எட்டாம் வாரம் அமலி தன் கவரைத் திருப்பினார். "செல்லாத்தா அக்காவே வாங்கல. நான் மட்டும் வாங்கினா இந்தச் சந்துல தலை நிமிந்து நடக்க முடியுமுங்ளா?" பத்தாம் வாரம் கல் பட்டறையும் கை நீட்ட மறுத்தது.

"இப்படியே போனா, வெளியூர்க்காரங்க ஓசியில தின்னுபோட்டுப் போறதுதான் மிச்சம். நிறுத்திப்போடலாமுங்க மாமா" என்றாள் ஜெனிதா.

பதினைந்தாம் ஞாயிறு, ஆட்கள் போன பிறகுதான் அவர் கவனித்தார். செல்லாத்தாளின் காதில் தோடு இல்லை. துளையில் வேப்பங்குச்சி இருந்தது.

"தோடு எங்கீங் அம்மணி?"

"காது புண்ணாயிருச்சுங். கழட்டி வெச்சிருக்கேன்."

இரண்டு காதுமா புண்ணாகும்? நெய்க்காரரின் பாக்கிக்காகத் தோடு அடகுக்குப் போனது எதிர்வீட்டு அமலிக்குத் தெரியும். அவர் சொல்லித்தான் சந்தியாகுவுக்குத் தெரிந்தது. அந்த நெய் முழுவதும் தான் கூட்டிவந்த ஆட்களின் இலையில் விழுந்தது. வீட்டுக்குப் போய் ஸ்கேலை எடுத்து மேசைமேல் வைத்தார். அடுத்த நாள் முழுவதும் யாரிடமும் அஞ்சாங் கிளாஸ் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு யாரையும் வர வேண்டாம் என்று ஜெனிதாவைச் சொல்லச் சொன்னார். மதியம் தனியாக வந்து, செல்லாத்தாளின் வாசற்படிக்கு வெளியே வெயிலில் நின்றார்.

"உள்ள வாங்ணா. சோறு ஆறுது."

"வரமாட்டேன் அம்மணி. கடன்காரன் எப்படிங்க இலைமுன்னால உக்கார்றது?"

"தண்ணியாச்சும் குடிங்."

"தண்ணியும் வேண்டாமுங்க."

வாசலுக்கு வந்தவரைப் பசியோடு திருப்பியவள் என்ற பெயரைச் செல்லாத்தாள் அதுவரை எடுத்ததில்லை. உள்ளே போனார், வந்தார். மறுபடி போனார். அரை மணி நேரம் ஆயிற்று. எதிர் ஜன்னலில் அமலியின் முகம் தெரிந்தது. கல் பட்டறையில் உளிச் சத்தம் நின்றது.

"சக்கரை மாத்திரை போட்ட ஆளு. மயங்கி உழுந்துபோடுவீங்."

"உழுந்தா உழுகட்டுமுங்க. அறுபத்தெட்டு வருசம் பாக்கி இல்லாம இருந்தவன் பேரைக் கெடுத்துப்போட்டீங்க. இனி எதுக்குச் சோறு?"

செல்லாத்தாள் நிலைக்கதவை விட்டு வாசற்படிக்கு வந்தார். "பிடிவாதத்துக்கு ஒரு கோயில் கட்டினா உங்களத்தானுங் உள்ள வைக்கோணும்" என்று முணுமுணுத்தபடி வலக்கையை முந்தானையில் துடைத்தார். "குடுங். மெல்லக் குடுங், சந்தே பாக்குது."

சந்தியாகு மெல்லக் கொடுக்கவில்லை. கவரைக் கிழித்தார். லேத்துச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில், ஒன்று, இரண்டு என்று ஐநூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி அவர் கையில் வைத்தார். எதிர் ஜன்னலுக்குக் கேட்டது, பட்டறைக்கும் கேட்டது. இருபதைத் தாண்டும்போது அமலி படியிறங்கி வந்து, தன் கையையும் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். முப்பத்தாறாவது நோட்டு விழும்வரை செல்லாத்தாள் விரித்த உள்ளங்கையை மடக்கவில்லை.