காதுகுத்துப் பந்தியில்

இலங்கையிலிருந்து வந்து உத்திரமேரூர் அருகே அகதி முகாமில் இருந்தோம். நடவுக்குப் போன இடத்தில் கன்னியம்மா சிநேகிதியானாள். அவள் மகளின் காதுகுத்துதான் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு. ஆசையோடு போனேன்.

இலையில் சோறு விழுந்ததும் அவள் கொழுந்தனார் கத்தினார். "கேம்ப் பொம்பளைய யாரு பந்தியில குந்த வெச்சது? போலீஸ் வந்தா பேஜாரு!"

வீட்டைத்தான் விட்டு வந்தோம், சோற்றையுமா விட வேண்டும்? ஆத்திரத்தில் எழப்போன என் தோளைக் கன்னியம்மா அழுத்தினாள்.

"நீ குந்துக்கா. என் வூட்டுக்கு யாரு வர்றதுன்னு நான்தான் சொல்லணும்."

அவரைப் பார்த்து நானும் சொன்னேன். "நான் சாப்பிட்டுத்தான் எழும்புவன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போதெல்லாம், அழைப்பு வந்தும் போகப் பயப்படும் முகாம் பெண்களை நானே கூட்டிப்போய் முதல் பந்தியில் உட்கார வைக்கிறேன்.