கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு வாய்

நாரிஸ் என்ட்விசிலுக்கு ஆல்ட்ஷாவில் நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடையாது. அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. எழுபத்தொரு வயது. முப்பத்தாறு வருஷம் பேருந்து ஓட்டியவர். அந்த முப்பத்தாறு வருஷமும் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பாகுபாடில்லாமல் வைதவர். மனைவி பெரில் ஒரு நாள் தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. "போனா போறா. இனிமே ரேடியோ சத்தமாவது காதுல விழும்" என்று மதுக்கடையில் சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் அந்த வாய்க்கு ஒரு மரியாதை இருந்தது. ஆல்ட்ஷா டவுன் கால்பந்து அணியின் மைதானத்துக்கு வருகிறவர்கள் மிஞ்சிப்போனால் இருநூறு பேர். இந்த மட்டத்து ஆட்டங்களில் இந்த ஊர்க்காரன், வெளியூர்க்காரன் என்று வேலி போட்டுப் பிரிப்பதில்லை. நம் ஆட்கள் எந்தக் கோலை நோக்கி ஆடுகிறார்களோ அதற்குப் பின்னால் போய் நிற்க வேண்டியது. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறினால் கூட்டமும் எழுந்து மறுகோடிக்கு நடக்க வேண்டியது. இப்படி நின்றால் எதிரணி கோல்கீப்பரின் முதுகு தொண்ணூறு நிமிஷமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நாரிஸுக்கு வேண்டியது அந்த முதுகுதான். இடது கம்பத்துக்குப் பின்னால் நின்று முப்பத்தொரு வருஷமாக அதைக் குத்திக் கிழித்துக்கொண்டிருந்தார்.

முன்பெல்லாம் இதற்கு அவர் பாடம் படிப்பார். உள்ளூர்ப் பேப்பரைப் புரட்டி, வருகிற கீப்பர் யார், போன வாரம் எத்தனை கோல் விட்டான், எந்தப் பெண் அவனை வேண்டாம் என்றாள் என்பது வரை சேகரித்துவிடுவார். பக்கத்தில் எப்போதும் வில்ஃப் நிற்பான். கூரை வேலைக்காரன், எலும்பும் தோலுமான ஆள், நாரிஸ் என்ன சொன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒரே ஜீவன். அவர்களுடைய ஆஸ்தான வசவைக் கண்டுபிடித்ததே வில்ஃப்தான். எல்லாம் ஓய்ந்து கீப்பர் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம் பார்த்து நாரிஸ் கேட்க வேண்டும்: "தம்பி, உங்கப்பன் வந்திருக்கானா? எங்க நிக்கிறான்? பெத்தவனே வரலேன்னா நீ ஆடற லட்சணம் எப்படி இருக்கும்!" வில்ஃபின் மகன் டெக்லன், மைதானத்தைச் சுற்றிய கம்பியின் உயரம்கூட இல்லாத வயதில், இருவருக்கும் நடுவில் நின்று அதைக் கேட்டுக் குதிப்பான்.

டெக்லனுக்கு இப்போது இருபத்துநான்கு வயது. வாரமெல்லாம் செங்கல் அடுக்கிவிட்டு, சனிக்கிழமை ஆல்ட்ஷாவுக்குக் கோல்கீப்பராக நிற்கிறான். வில்ஃப் பிப்ரவரியில் செத்துப்போனான். மைதானத்தில் ஒரு நிமிஷ மௌனம் அனுசரித்தார்கள். அன்றைய ஆட்டம் முழுக்க நாரிஸ் வாயைத் திறக்கவில்லை. ஜலதோஷம் என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் இருந்தது. அது யாருக்கும் தெரியாது. நாரிஸுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கடிதம் வந்து, மூன்றும் ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தன. ஆட்களை நடையை வைத்தும் குரலை வைத்தும் கண்டுபிடித்துவிடுவார். பஸ் ஓட்டிய ஊர், வழி எல்லாம் காலுக்கே தெரியும். பேப்பர் படிக்க முடியாது. அதனால் பழைய வசவுகளையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தார். வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கூரைக்குக் கீழே நாற்காலியில் உட்கார வைப்பார்கள், மடியில் ஒரு போர்வை போடுவார்கள். "பாவம், நாரிஸ்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்த மனுஷன் பயந்தார். ஊர் முழுக்கத் தன்னை வெறுப்பதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது.

ஏப்ரல் மாதக் கடைசி ஆட்டம். க்ரோமூர் அணி வந்திருந்தது. டிரா செய்தால் போதும், ஆல்ட்ஷா இந்த லீகிலேயே தங்கும். தோற்றால் ஒரு படி கீழே போகும். காலையிலிருந்து தூறல். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது செயலாளர் முரியல் அவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டாள். முரியலுக்கும் அவருக்கும் முப்பது வருஷப் பகை. எதனால் ஆரம்பித்தது என்பது இருவருக்குமே மறந்துவிட்டது, பகை மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

"லீக்லேர்ந்து கடுதாசி வந்திருக்கு" என்றாள். "இந்த சீசன்ல மட்டும் உன் வாயால மூணு புகார்."

"மூணுதானா? எனக்கு வயசாயிடுச்சு போல."

"சிரிக்காத. இன்னிக்கு எந்த கீப்பராவது உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னான்னா, அப்புறம் உசிரோட இருக்கிற வரைக்கும் நீ அந்த கேட்டைத் தாண்ட முடியாது. நானே எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சந்தோஷமாப் போடுவேன்."

"உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். யாருக்குப் புரியப் போகுது?"

இப்படிப் பத்து நிமிஷம் போயிற்று. வெளியே விசில் கேட்டது. இந்தச் சண்டையில் நாரிஸ் டாஸைத் தவறவிட்டார்.

ஆல்ட்ஷாவின் வழக்கம், முதல் பாதியில் ரயில் பாதைப் பக்கம் பார்த்து ஆடுவது. ஊர்க்கூட்டம் அங்கேதான் முதலில் கூடும். ஆனால் வருகிற அணியின் கேப்டன் டாஸ் ஜெயித்தால், வேண்டுமென்றே பக்கத்தை மாற்றிக் கேட்பதுண்டு. அப்போது கூட்டம் அவனைச் சபித்துக்கொண்டே மறுகோடியில் இருக்கும் ஆலைப் பக்கத்துக்கு நடக்கும். க்ரோமூர் கேப்டன் அன்று அதைத்தான் செய்தான். ஊர்க்காரர்கள் ஆலைப் பக்கம் போய்விட்டார்கள். க்ரோமூர்க்காரர்கள் நாற்பது பேர் ரயில் பக்கத்துக்கு வந்தார்கள். அந்தக் கோலில் போய் நின்றவன் டெக்லன். வழக்கமாகப் பச்சைச் சட்டை போடுகிறவன், க்ரோமூர் அணியே பச்சையில் வந்துவிட்டதால், பெட்டியில் கிடந்த ஆரஞ்சுச் சட்டையை எடுத்து மாட்டியிருந்தான்.

நாரிஸின் கால்கள் பழக்கத்தில் அவரை ரயில் பக்கம் கொண்டுபோயின. மழைத் தொப்பிகளோடு ஒரு கூட்டம் மங்கலாகத் தெரிந்தது. நம் ஆட்கள் என்று நினைத்தார். முன்னால் ஒரு ஆரஞ்சுத் திட்டு. க்ரோமூர் கீப்பர் போன தடவையும் ஆரஞ்சில்தானே வந்தான்! நாரிஸ் கம்பியில் முழங்கையை ஊன்றித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏய் ஆரஞ்சு! அது கையா, இல்ல காயப்போட்ட காலுறையா? பந்து ஒண்ணும் கடிக்காதுடா, தைரியமாப் பிடி!"

கூட்டம் ஒரு விநாடி திகைத்தது. அப்புறம் வெடித்துச் சிரித்தது. க்ரோமூர் ஏழு மைல்தான். நாரிஸை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இலையுதிர் காலத்தில் தங்கள் கீப்பரை இந்தக் கிழவர் அழ வைத்ததும் தெரியும். என்ன நடக்கிறது என்று புரிந்ததும் ஒருவன் இன்னொருவனின் வாயைப் பொத்தினான். சொல்லிவிடாதே என்று சைகை காட்டிக்கொண்டார்கள்.

"இன்னும் சொல்லு பெருசு, விடாத!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

வில்ஃப் போனதிலிருந்து நாரிஸ் பேச்சுக்கு இப்படி யாரும் சிரித்ததில்லை. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கால் மணி நேரம் விளாசித் தள்ளினார். ஒரு தடவை ஆரஞ்சுத் திட்டு அவர் பக்கம் திரும்பியது. மேலே வெளுப்பாக ஒரு முகம். ஏதோ சொன்னது, சிரிப்புச் சத்தத்தில் கேட்கவில்லை. சரி, சூடு பட்டுவிட்டது என்று நாரிஸ் சந்தோஷப்பட்டார். எல்லாம் ஓய்கிற நேரம் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் பஸ்ஸின் கடைசி சீட்டு வரை எட்டிய குரலில் கேட்டார்:

"தம்பி, உங்கப்பன் வந்திருக்கானா? எங்க நிக்கிறான்? பெத்தவனே வரலேன்னா நீ ஆடற லட்சணம் எப்படி இருக்கும்!"

இந்தத் தடவை சிரிப்பு குறைவாகத்தான் வந்தது. க்ரோமூரிலும் சிலருக்கு வில்ஃபைத் தெரியும். "போதும்ப்பா" என்று ஒருவன் முணுமுணுத்தான். ஆரஞ்சுத் திட்டு ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பத்தையே பார்த்தபடி அசையாமல் நின்றது. அப்போதுதான் தூரத்திலிருந்து ஒரு சாதாரணப் பந்து வந்தது. கத்துக்குட்டிகூடப் பிடிக்கிற பந்து. அவன் திரும்பிக் கையை நீட்டுவதற்குள் வலைக்குள் போய்விட்டது.

சுற்றி நின்றவர்கள் குதித்தார்கள். நாரிஸும் குதித்தார். யாரோ ஒரு தடியன் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். அவர் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் தட்டினார்.

இடைவேளையில் கூட்டம் பக்கம் மாறியது. க்ரோமூர்க்காரர்களோடு சேர்ந்து நாரிஸ் ஆலைப் பக்கம் நடந்தார். எதிரே ஊர்க்கூட்டம் வந்தது. முன்னால் வந்தவனின் இழுத்து இழுத்து நடக்கும் நடையை வைத்து, தபால்கார லென் என்று தெரிந்தது.

"ஒண்ணு பூஜ்யம்!" என்று கையைத் தூக்கினார் நாரிஸ். "நான்தான்டா போட்டேன் அந்தக் கோலை! அவன் தலையை நான்தான் திருப்பினேன்!"

லென் நின்றான். "ஆமா, நீதான் போட்ட. ஊரே கேட்டுச்சு. வெக்கமா இல்ல உனக்கு?"

"ஏன்டா, ஜெயிக்கிறோம்ல?"

"யார் ஜெயிக்கிறா? க்ரோமூர் ஒண்ணு, நாம பூஜ்யம். அங்க நின்னது டெக்லன். வில்ஃபோட பையன். வில்ஃபைப் பொதைச்சு முழுசா மூணு மாசம்கூட ஆகல, அவன்கிட்டப் போயி உங்கப்பன் எங்கன்னு கேக்கற. சனியனே, நீயெல்லாம் மனுஷனா?"

லென் அவர் காலடியில் துப்பிவிட்டுப் போனான். மற்றவர்கள் அவரை இடித்துக்கொண்டு கடந்தார்கள். நாரிஸ் டீக்கொட்டகைச் சுவரைத் தடவிப் பிடித்து அங்கேயே நின்றார். இரண்டாவது பாதி முழுவதும் அங்கேதான் நின்றார். சத்தத்தை வைத்தே அவருக்கு எல்லாம் தெரிந்தது. கடைசி விசில் ஊதியபோது குதித்தவர்கள் நாற்பது பேர்தான். ஆல்ட்ஷா கீழே போயிற்று.

அரை மணி கழித்து அவராகவே முரியலின் அறைக்குப் போனார். அவள் மேஜையில் தாளை வைத்து, சொன்னபடியே கடுதாசி எழுதிக்கொண்டிருந்தாள். பேனா கீறுகிற சத்தம் கேட்டது.

"புகார் வந்திருக்கு" என்றாள் தலை நிமிராமல். "நம்ம கீப்பர்கிட்டேர்ந்தே. இந்தக் கிளப்புல இப்படி ஒண்ணு நடந்ததே கிடையாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தெரிஞ்சுதான் சொன்னியா?"

நாரிஸ் யோசித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. கேடுகெட்டவன் என்ற பெயரோடு வெளியே போகலாம். அந்தப் பெயர் பழகினதுதான். அதற்குள் பின்னால் கதவு திறந்தது. திறந்த கதவின் வெளிச்சத்தில் ஒரு உருவம் கறுப்பாக நின்றது. நனைந்த ஆரஞ்சுச் சட்டையின் வாடை வந்தது. சின்ன வயதிலிருந்து நாரிஸ் மாமா என்று கூப்பிட்ட பையன்.

"நீன்னு தெரியலடா" என்றார் நாரிஸ். "சத்தியமாத் தெரியல. கண்ணு போச்சு எனக்கு. ஒரு வருஷமா ஒண்ணும் சரியாத் தெரியறதில்ல. க்ரோமூர்க்காரன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

"அவன்கிட்ட மட்டும் சொல்லலாமா?" என்றான் டெக்லன்.



"பொய் சொல்றான்" என்றாள் முரியல். "வாசல்லேர்ந்து நேரா நடந்து வந்தானே இப்போ, நாற்காலிகூட இடிக்கல."

"இருங்க" என்றான் டெக்லன். "நான் கேக்கறேன். யோவ், இங்க பாரு. எத்தனை விரல் காட்டறேன், சொல்லு."

நாரிஸ் கண்ணை இடுக்கினார். வெளிச்சத்தில் ஒரு கறுப்புத் தூண்தான் தெரிந்தது. ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகள் கோபம் வந்தால் திட்டுவதற்குப் பதிலாகப் புறங்கையைத் திருப்பி எத்தனை விரல் காட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா! பஸ் ஜன்னலுக்கு வெளியே வருஷக்கணக்காகப் பார்த்த விரல்கள்தானே.

"ரெண்டு" என்றார். "ரெண்டுதான் காட்டுவ. காட்டு. நான் அதுக்குத் தகுதியானவன்தான்."

டெக்லனின் இரண்டு கைகளும் கால்சட்டைப் பையிலேயே இருந்தன.

பேனாச் சத்தம் நின்றது. டெக்லன் திரும்பி நடந்தான். கதவை அறையாமல் மெல்லச் சாத்திவிட்டுப் போனான். அது நாரிஸுக்கு என்னவோ போல இருந்தது.

"சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார்.

"சரிதான், நாரிஸ்" என்றாள் முரியல். நாற்காலி நகர்ந்தது, அவள் எழுந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். "சரியாத்தான் சொன்ன. வா, இப்படி வந்து உக்காரு. மொதல்ல சூடா ஒரு டீ போட்டுத் தரேன்."

முப்பது வருஷத்தில் முரியல் அவரிடம் இந்தக் குரலில் பேசியதே இல்லை. குரலைக் கேட்டதுமே நாரிஸுக்குத் தன் பதில் தப்பு என்று தெரிந்துவிட்டது. அவர் முழங்கையை உதறி விடுவித்துக்கொண்டு, மேஜை எங்கே இருக்கிறது என்று குத்துமதிப்பாகக் கையை நீட்டினார்.

"டீ கெடக்கட்டும்" என்றார். "நீ எழுதின கடுதாசியைக் குடு."