சாகாத கிருமி

றக்வானைக்கு மேலே, பஸ் வளைந்து வளைந்து மூச்சு வாங்கி ஏறும் மலையில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். எனக்கு எட்டு வயதான அந்த மழைக்காலத்தில் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் பரவியது. கைக்குழந்தையாக இருந்த என் தங்கச்சியையும் அது விடவில்லை. கண்கள் குழி விழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவளை அம்மா மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சேலைன் ஏற்றி ஒருவழியாகப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தபின் அம்மா யாரோடும் அதிகம் பேசவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்தால் பாத்திரங்களையும் துணிகளையும் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

அப்போதுதான் தோட்டத்து மருத்துவிச்சியான மிட்வைப் மிஸ் கூட்டம் போட்டார். சிங்களப் பெண்மணி. தமிழை நல்ல மனதோடும் மோசமான இலக்கணத்தோடும் பேசுவார். கை கழுவுவதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்ததும், நாளெல்லாம் மலையில் நின்றுவிட்டு வந்த பெண்கள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்கள். மிஸ் கோபப்படவில்லை. “பேச்சு வேணாம், நாடகம் போடுவோம்” என்று சொல்லி எங்கள் மாமாவைப் பிடித்தார்.

அம்மாவின் தம்பியான மாமா பகலில் தேயிலை பெக்டரியில் வேலை செய்பவர். காமன் கூத்தில் எமன் வேஷம் கட்டி லயத்துப் பிள்ளைகளையெல்லாம் அலறவிட்டவர். கிருமி வேஷத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. உடம்பெல்லாம் கரி பூசி, அம்மா கொழுந்து பறிக்கப் போகையில் இடுப்பில் கட்டும் பழைய படங்குச் சாக்கை முதுகில் போட்டு, தலையில் இரண்டு கொம்பு வைத்துக்கொண்டார். கிருமிக்குக் கொம்பு உண்டா என்று மிஸ் கேட்டதற்கு, “இந்தத் தோட்டத்துக் கிருமிக்கு உண்டுங்க மிஸ்” என்றார்.

நான்தான் சவுக்காரம். பிஸ்கட் பெட்டியின் அடியை வெட்டி, சோப்புக் கட்டி மாதிரி வெள்ளைத் தாள் ஒட்டி, கழுத்துவரை மாட்டிவிட்டார்கள். எனக்கு ஒரே ஒரு வசனம்: “நான்தான் சவுக்காரம், கிருமிக்கு எமன்!” அதைச் சொன்னதும் பக்கத்துக் காம்பராப் பிள்ளை குழாயைத் திறந்து கை கழுவ வேண்டும். மாமா துடிதுடித்துச் சாக வேண்டும். எமனையே சாகடிக்கப் போகிறோம் என்ற நினைப்பில் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்துப் பிற்பகலில், லயத்துக்குப் பொதுவான குழாயடியில் நாடகம் நடந்தது. எல்லோரும் வாசலில் குந்தியிருந்தார்கள். அம்மா தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தார். மாமா ஆடிய ஆட்டத்தில் மிஸ்ஸே இரண்டு தடவை நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். என் முறை வந்தது. தொண்டை கிழிய வசனத்தைச் சொன்னேன். பக்கத்துக் காம்பராப் பிள்ளை குழாயைத் திருகினாள்.

குழாய் ஒரு தடவை இருமியது. பிறகு சும்மா இருந்தது.

காலையில் மாமா திறந்து பார்த்தபோது தண்ணீர் வந்ததுதான். ஆனால் மேலேயிருந்து வரும் தண்ணீர் துரை பங்களாவுக்கும் பெக்டரிக்கும் போக மிச்சம்தான் எங்களுக்கு. பிற்பகலில் அந்த மிச்சமும் இருக்காது. நடிப்பு மும்முரத்தில் மாமா அதை மறந்திருந்தார்.

சாகத் தயாராகக் கையைத் தூக்கி நின்ற மாமா, குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். பிறகு கொம்பைச் சரிசெய்துகொண்டு ஒரே குதி குதித்தார்.

“தண்ணி வரல்லடியோ! நான் சாகமாட்டேன்! இந்த லயத்துல எனக்குச் சாவே இல்ல!”

வாசல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. நான் வசனத்தை மறுபடி சொன்னேன். “சும்மா கெட சவுக்காரமே, தண்ணியில்லாம நீ என்னா செய்வ?” என்று மாமா என்னைச் சுற்றிச் சுற்றி ஆடினார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அம்மா. தங்கச்சி மடியில் குலுங்கக் குலுங்க, கண்ணீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தார். என் நாடகம் நாசமாய்ப் போகிறது, பெற்ற தாய் சிரிக்கிறாள்! பெட்டிக்குள் நின்றபடியே நான் ஓவென்று அழுதேன்.

மிஸ்ஸும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு எழுந்து வந்து குழாயைத் தானே திருகிப் பார்த்தார். “ஹெமதாம இப்படியா?” தினமும் இப்படித்தானா என்று அம்மாவிடம் சிங்களமும் தமிழுமாகக் கேட்டார்.

“பொழுது சாயுற நேரமெல்லாம் இப்படித்தாங்க மிஸ். ஓடைப் பீலிக்குப் போயித்தான் தூக்கியாரணும். இந்த மழைக்கு அதுவும் கலங்கித்தான் வருது” என்றார் அம்மா. அவ்வளவுதான், பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யாரும் தூங்கவில்லை.

பீலியைப் பார்க்க வேண்டும் என்றார் மிஸ். கொம்போடும் கரியோடும் கிருமியே வழி காட்டியது. வெள்ளைச் சீருடையில் சேறும் காலில் அட்டையுமாகத் திரும்பி வந்த மிஸ், நேரே தோட்டத்து ஆபீசுக்குப் போனார். அதற்குப் பிறகும் பல தடவை போனார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் எங்கள் லயத்துக்கென்று ஒரு தண்ணீர்த் தாங்கியும் தனிக் குழாயும் வந்தன. மண் வெட்டியது மாமாவும் லயத்து ஆண்களும்.

நாடகம் நடந்த அன்று சாயங்காலம் என் அழுகை ஓயவில்லை. மாமா கரியைக்கூடக் கழுவாமல் எங்கள் காம்பராவுக்கு வந்தார். “சொல்லுடி தங்கம் ஒன் வசனத்த” என்றார். விம்மிக்கொண்டே சொன்னேன். அடுப்படிவரை உருண்டு, கையைக் காலை உதறி, நாக்கைத் தள்ளி, மிக நீளமாகச் செத்தார். போதாதென்று மறுபடியும் சொல்லச் சொல்லிச் செத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அம்மாவோடு நான் இரண்டு நாள் பேசவில்லை.

பல வருடம் கழித்து, பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாடு படிக்கப் போய், ஒரு லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டேன்:

“அன்னைக்கி ஏம்மா அப்படிச் சிரிச்சீங்க?”

அம்மா தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, “தங்கச்சிய வார்ட்டுல வச்சிருந்தப்போ ஒருத்தி எல்லாருக்கும் முன்னால கேட்டா, கையக் கழுவத் தெரியாதவளுக்கு எதுக்குப் புள்ளன்னு. எந்நேரமும் அதே நெனப்புதான். நாந்தான் எம்புள்ளைய அப்படி ஆக்கிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்டி, ஒம்மாமன் ‘தண்ணியில்லாம நீ என்னா செய்வ’ன்னு கேக்கிறவரைக்கும்” என்றார்.

பெட்டிக்குள் நின்று அழுத எனக்கு, அம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத்தான் தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது குழாயை.