இல்லாத சைலன்சருக்கு எவ்வளவு கழிப்பீங்க?

மலைப்பாதையில் வாடகைக் கார் ஓட்டுகிறவன் ஏறும்போது டீசலை நினைத்துக்கொண்டும் இறங்கும்போது பிரேக்கை நினைத்துக்கொண்டும் ஓட்டுவான். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளை நினைக்க அவனுக்கு நேரம் கிடையாது. கொடைக்கானல் மலையில் இருபத்திரண்டு வருடம் நானும் அப்படித்தான் ஓட்டினேன். லாரி கழுவி, கிளீனராகி, திட்டு வாங்கி, பிறகு திட்டவும் கற்றுக்கொண்டு டிரைவரானவன் நான். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. மேட்டில் வண்டி ஏற்றிப் பிழைக்கும் என் போன்ற பாவப்பட்டவர்களே, டீசல் வேனை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கிய இந்தக் கதை உங்களுக்குத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஷோரூமில்

"புகை வராதுண்ணே. ஆயில் மாத்த வேண்டாம். கிளட்ச் கிடையாது, சைலன்சர் கிடையாது" என்று திண்டுக்கல் ஷோரூம் மேனேஜர் பெருமையாக அடுக்கினார். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். "இத்தனையும் இல்லாத வண்டிக்கு இம்புட்டு விலையா? சரி, இல்லாத சைலன்சருக்கு எவ்வளவு கழிப்பீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றேன். மனுஷர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "மலை இறக்கத்துல பேட்டரி தானாவே சார்ஜ் ஏறும்ணே" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மலையிலேருந்து வர்றவன்னா என்ன வேணாலும் சொல்லுவியா?" என்று மேஜையைத் தட்டினேன். தண்ணீர் வந்தது, டீ வந்தது, கடைசியில் கழிவும் வந்தது. சாவியைக் கையில் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "இன்னும் அரைமணி நேரம் பேசியிருந்தா, வண்டியையும் குடுத்து மாசச் சம்பளமும் குடுக்க வச்சிருப்பீங்கண்ணே."

ஸ்டாண்டில்

சைலன்சருக்குக் கழிவு வாங்கிய வீரத்தை ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் ஜீப் போடும் முத்துப்பாண்டி என் புது வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, பின்பக்கம் முகர்ந்தும் பார்த்தான். பதினைந்து வருடச் சிநேகிதன், பதினைந்து வருடப் போட்டியாளன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்: "ஏலே ராசு, ஏத்தத்துல தள்ளுறதுக்கு ஆளு வேணும்ல? வர்ற பார்ட்டியையே எறக்கித் தள்ளச் சொல்லுவியா, தனியா நாலு பேர சம்பளத்துக்கு வச்சிருக்கியா?"

மேடத்தின் நிபந்தனை

நாயுடுபுரத்தில் பன்னிரண்டு அறை விடுதி நடத்தும் மேடம், முன்பு ஸ்கூலில் டீச்சர். விடுதியில் பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, வெந்நீர் கூரை மேல் வெயிலில் காய்வது, எல்லாப் பல்பும் சிக்கனப் பல்பு. "என் கெஸ்ட்டெல்லாம் டீசல் புகையிலதான் மேல வர்றாங்க. நான் இங்க பல்பு மாத்தி என்ன யூஸ்?" என்று அவருக்கு நெடுநாள் வருத்தம். என் வண்டியைப் பார்த்ததும் கீழே கொடைரோடு ரயில் ஸ்டேஷனிலிருந்து வரும் சவாரி எல்லாம் எனக்கே என்றார்.

வருடம் முழுக்க நிற்காத சவாரி! மழைக்காலத்தில் ஸ்டாண்டில் ஈ ஓட்டுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். வண்டியை வாங்கிவிட்டேனே தவிர, அதற்குச் சோறு போட இந்தச் சவாரியை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. ஆனால் டீச்சர் அல்லவா, பரீட்சை வைக்காமல் விடுவாரா? "ஒன் மந்த் டிரையல், ராசு. ஒரே ஒரு தடவை என் கெஸ்ட் சார்ஜ் இல்லாம ரோட்டுல நின்னாலும் சரி, அன்னைக்கே முத்துப்பாண்டிக்குப் போன் போயிரும்."

வீணாய்ப்போன எலுமிச்சம்பழம்

பழனியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மா ஏறும்போதே மடி நிறைய எலுமிச்சம்பழம், பாலிதீன் பை, துண்டு. "எனக்கு மலைன்னாலே ஆகாது. மூணாவது வளைவுல ஆரம்பிச்சிரும், கோவிச்சுக்காதீங்க" என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டார். நானும் சீட்டு கழுவுகிற கூலியை இப்போதே பேசிவிடலாமா என்று யோசித்தேன்.

மூன்றாவது வளைவு போனது, முப்பதாவதும் போனது. டீசல் வாடையும் இல்லை, உறுமலும் இல்லை. அந்த அம்மா பெருமாள்மலை வரை மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். இறங்கும்போது நன்றி சொல்வார் என்று நின்றேன். பையைத் தூக்கிக் காட்டி வருத்தத்தோடு சொன்னார்: "ஒரு டசன் பழம்ங்க, ஒண்ணுகூடப் பிரயோசனப்படல."

கிரைண்டர் பிளக்

இருபத்தாறு நாள் ஒரு குறையும் இல்லை. தினமும் மலை இறங்கி, வத்தலக்குண்டில் சார்ஜ் போட்டபடி சாப்பிட்டுவிட்டு, கொடைரோடு போய் ஆளை ஏற்றி வருவேன். இறக்கத்தில் சார்ஜ் ஏறும் என்று சொன்னாரே அந்த மேனேஜர், அது மட்டும் ஒரு நாளும் ஏறவில்லை. பொய்யன் என்று தினம் ஒரு தடவை திட்டிக்கொள்வேன்.

இருபத்தேழாம் நாள் வத்தலக்குண்டில் கரண்ட் இல்லை, மாதாந்திரப் பராமரிப்பாம். இருக்கிற சார்ஜ் போதும் என்று ஒரு மதுரைத் தம்பதியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மலைப்பாதையில் ஊத்து என்கிற ஊர் தாண்டியதும் சார்ஜ் மீட்டரில் எண் சரசரவென்று குறைந்தது. நல்லவேளை, செல்லத்தாயி அக்கா டீக்கடை வாசல் வரை ஊர்ந்து வந்து நின்றது. மாவாட்டும் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் வண்டி ஒயரைச் சொருகினேன். அக்கா கரண்டியோடு வந்தார். கரண்ட்டுக்குக் காசு தருகிறேன் என்று பேரத்தை ஆரம்பித்தேன். "காசு கெடக்கட்டும், என் மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். கடைசியில் நானும் மதுரைக்காரரும் கொல்லையில் கிடந்த ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்து மாவாட்டுவது என்று முடிவாயிற்று.

அந்நேரம் பார்த்து முத்துப்பாண்டியின் ஜீப் வந்து நின்றது. "சார், வாங்க, வெரசா கொண்டு போயி விட்டுர்றேன்" என்று மதுரைக்காரரைக் கூப்பிட்டான். என் ஒரு மாதமும் அந்த நிமிடத்தில் தொங்கியது. உளுந்து அப்பிய கையைத் தூக்கிக் காட்டி அவர் சொன்னார்: "இருங்க தம்பி, வடை போடுறேன்னிருக்காங்க, தின்னுட்டு இந்த வண்டியிலயே வர்றோம்."

போனில்

சார்ஜ் ஏறும் வரை சும்மா இருப்பானேன் என்று ஷோரூம் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். கால்மணி நேரம் மூச்சு விடாமல் திட்டினேன். ஏமாற்றுக்காரர்கள் என்றேன், கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். இறக்கத்தில் ஏறும் என்ற சார்ஜை யார் வீட்டுக்குக் கொண்டு போனீர்கள் என்றேன். அவர் நான் களைக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, இறக்கத்தில் எதில் போட்டு ஓட்டுகிறீர்கள் என்று ஒரே கேள்வி கேட்டார்.

எதில் போடுவேன்? நியூட்ரலில்தான். மலைக்குப் புதிதா நான்? உச்சியிலிருந்து நியூட்ரலில் விட்டால் அடிவாரம் வரை டீசல் செலவில்லை. பிரேக் தேய்ந்தாலும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாலும் டீசல் மிச்சம். இத்தனை வருடமாக நானும் முத்துப்பாண்டியும் அப்படித்தான் டீசலோடு பேரம் பேசினோம். பழக்கதோஷத்தில் இந்த வண்டியையும் தினம் அப்படியே உருட்டிவிட்டேன். அதையே பெருமையாகப் போனிலும் சொன்னேன். பிறகு மெக்கானிக் மெதுவாகச் சொன்னார்: "கியர்ல போட்டாத்தான்ணே சார்ஜ் ஏறும். நியூட்ரல்ல விட்டா, மலை குடுக்குறத நீங்களே வேண்டாம்னு தள்ளிவிடுற மாதிரி."

ரிப்பேர்

விடுதி வாசலில் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முத்துப்பாண்டி முன்னாடியே வந்து சொல்லியிருந்தான். மதுரைக்காரர் வடையைப் புகழ்ந்துகொண்டே உள்ளே போனார். அது ஒன்றும் மேடத்திடம் எடுபடவில்லை. கரண்ட் கட் மேல் பழி போடலாம் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நாலாம் வகுப்பில் நின்ற மாதிரி ஆகிவிட்டது. "வண்டி மேல தப்பில்லை மேடம். நான்தான் நியூட்ரல்ல விட்டேன்" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

இந்த ஜென்மத்தில் நான் பேரம் பேசாமல் நின்ற ஒரே இடம் அதுதான். மேடம் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்போ ரிப்பேர் பண்ண வேண்டியது டிரைவரைத்தான். ஓகே, இன்னும் ஒன் மந்த் எக்ஸ்டென்ஷன்."

கடைசியாக

மறுநாள் கியரில் போட்டே இறங்கினேன். வண்டி தானாக நிதானித்தது, பிரேக்குக்கு வேலையே இல்லை, மீட்டரில் எண் ஒவ்வொன்றாக ஏறியது. வத்தலக்குண்டு சேர்வதற்குள் எட்டு சதவீதம் கூடியிருந்தது. வழியில் யாரும் கேட்காவிட்டாலும் நாலு பேரிடம் சொன்னேன். அந்த மாதமும் முடிந்தது, வண்டி எங்கும் நிற்கவில்லை, சவாரி எனக்கே நிலைத்தது.

போன வாரம் ஸ்டாண்டில் முத்துப்பாண்டி என் பக்கத்தில் வந்து, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, காதோடு காதாகக் கேட்டான்: "ஏலே ராசு, அந்தச் சைலன்சருக்கு எவ்வளவுலே கழிச்சான்?"

எதையும் பேரம் பேசாமல் வாங்காத எனக்கு மலை சும்மா கொடுத்தது அந்த எட்டு சதவீதம் ஒன்றுதான்; அதையும் இருபத்தேழு நாள் வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஷோரூம்காரனைத் திட்டிய கெட்டிக்காரன் நான்.